எலும்பைக் கையால் தொட்டுப் படிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதலாண்டு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என் கையில் ஓர் எலும்பைக் கொடுத்து, "இது எந்தப் பக்கத்துக் கால்?" என்று கேட்டார்கள். ஃபிபுலா என்று பெயரைச் சொல்லிவிட்டேன். அதில் ஒட்டும் தசைகள் அத்தனையும் மனப்பாடம். ஆனால் இடதா வலதா என்று தெரியவில்லை. மேல்முனை எது, கீழ்முனை எது என்பதே குழம்பிப்போனது. கேள்வி கேட்டவர் கோபப்படவில்லை. "குனிந்து உன் கணுக்காலின் வெளிப்பக்க மொட்டைத் தொட்டுப் பாரம்மா" என்றார். தொட்டேன். கையிலிருந்த எலும்பின் ஒரு முனை அச்சு அசலாக அதே போல இருந்தது. அந்த எலும்பை அத்தனை நாளும் என் காலிலேயே சுமந்துகொண்டு, புத்தகத்தில் மட்டும் தேடியிருக்கிறேன்.

இப்போது பிசியோதெரபி, நர்சிங் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பட்டியல் கடைசியில்தான் வரும். முதலில் விரல், பிறகு அடுப்படி, அதற்குப் பிறகுதான் புத்தகம். இந்த வரிசையில் போனால் ஒரே வாரத்தில் அடிப்படை கைக்கு வந்துவிடும்.

தேவைப்படுபவை: கழுவினால் போகும் ஸ்கெட்ச் பேனா, பச்சையாக வாங்கிய கோழி எலும்பு மூன்று, ஒரு பாட்டில் வெள்ளை வினிகர், கறிக்கடையில் நீளவாக்கில் வெட்டித் தரச் சொன்ன நல்லி எலும்பு, வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே. அசைவம் புழங்காத வீட்டுப் பிள்ளைகள் இந்தச் சமையலறைப் பகுதியைக் கல்லூரி லேபில் நண்பர்களோடு சேர்ந்து செய்யலாம்.

முதல் நாள் காலை: வினிகரில் போட்டு வையுங்கள்

இதற்கு ஒரு வாரம் பிடிக்கும் என்பதால் முதலிலேயே சொல்கிறேன். கோழிக்கால் எலும்பைச் சதையில்லாமல் சுரண்டி, கழுவி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு முழுக்க மூழ்கும்படி வினிகர் ஊற்றுங்கள். குக்கரில் வெந்த எலும்பு வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் எலும்பின் மேல் பொடிப் பொடியாகக் குமிழ் கட்டும். எலும்பிலுள்ள கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவாக வெளியேறுவதுதான் அது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள்.

அன்றே மாலை: உங்கள் உடம்பில் தேடுங்கள்

கண்ணாடி முன் உட்காருங்கள். காதுக்குப் பின்னால் கீழ்நோக்கி ஒரு மேடு தட்டுப்படும், மாஸ்டாய்டு. பிறந்த குழந்தைக்கு அந்த மேடு கிடையாது. தலையைத் தூக்க, திருப்பக் குழந்தை பழகப் பழக, கழுத்துத் தசை இழுத்து இழுத்து அது வளர்கிறது. எலும்பு தசைக்கு ஏற்றபடி உருவம் எடுக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு சாட்சி இல்லை. அடுத்து, காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலடியில் நகர்வது கீழ்த்தாடையின் முனை. மண்டையோட்டு எலும்புகளில் இப்படி மூட்டோடு அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான்.

தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஒரு முடிச்சு துருத்தும். பெரும்பாலோருக்கு அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. முதுகில் முள்ளெலும்புகளை எண்ண அங்கிருந்துதான் தொடங்குவோம். முன்பக்கம் எண்ண வேறு இடம் உண்டு: தொண்டைக்குழியிலிருந்து நெஞ்செலும்பின் மேல் விரலை மெல்லக் கீழே இழுத்து வாருங்கள். நாலைந்து சென்டிமீட்டரில் குறுக்கே ஒரு வரப்பு தட்டும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. முதல் விலா காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இசிஜி எடுக்க நெஞ்சில் இடம் பார்க்கும் நர்ஸ் இந்த வரப்பிலிருந்துதான் விலா இடுக்குகளை எண்ணிக்கொண்டு போவார்.

முழங்கையில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள். மேசையில் ஊன்றும் கூர்முனை அல்னாவுடையது. அதன் இருபுறமும் இருக்கும் மேடுகள் மேற்கை எலும்பான ஹியூமரஸுடையவை. உள்பக்க மேட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. பஸ் கம்பியில் முழங்கை இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல இருக்குமே, அதற்கு அந்த நரம்புதான் காரணம். முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வரை அல்னாவின் ஓரத்தை விட்டுவிடாமல் தடவிக்கொண்டே போகலாம். பேனாவால் அதைக் கோடாக வரையுங்கள். கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். இப்போது முன்கையை மேசையில் வைத்து, பிச்சை கேட்பது போல உள்ளங்கையை மேலே காட்டி, பிறகு கவிழ்த்துங்கள். அல்னா கிட்டத்தட்ட இருந்த இடத்தில் இருக்க, ரேடியஸ் அதன்மேல் குறுக்கே புரளும். சாவி திருப்புவதும் ஸ்க்ரூ முறுக்குவதும் இந்தப் புரளலால்தான். ஒருமுறை விரலால் உணர்ந்தவர்களுக்கு இரண்டில் எது எது என்று ஆயுளுக்கும் மறக்காது.

கட்டைவிரலை விறைப்பாக வெளியே நீட்டினால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழியின் தரையில் ஸ்கேஃபாய்டு என்ற முந்திரிப்பருப்பு அளவு எலும்பு இருக்கிறது. பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுந்தவருக்கு இந்தக் குழியை அமுக்கினால் வலிக்கிறது என்றால் அலட்சியம் கூடாது. முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போகலாம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து நுழைவதால், நடுவில் முறிந்தால் மறுபாதி ரத்தமில்லாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு.

கீழ்ப்பாதிக்கு இவ்வளவு நேரம் ஆகாது. இடுப்பில் கை வைத்தால் கை உட்காரும் விளிம்பு இடுப்பெலும்பு. உள்ளங்கையின் மேல் உட்கார்ந்தால் குத்துவதும் அதே எலும்பின் அடிப்பகுதிதான். காலை நீட்டித் தளரவிட்டால் முழங்கால் சில்லு பக்கவாட்டில் நகரும். அதற்குக் கீழே, மேசைக்கால் இடித்தால் உயிர் போகும் அந்த முன்விளிம்பு டிபியா. கணுக்காலின் உள்மொட்டு டிபியாவுடையது, வெளிமொட்டு ஃபிபுலாவுடையது. வெளிமொட்டு சற்றுத் தாழ இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை

வளர்ந்தவருக்கு 206 எலும்புகள். நடு அச்சில் 80: மண்டையும் முகமும் 22, இரு காதுகளின் உள்ளே 6, நாக்கடியில் ஹையாய்டு 1, முதுகெலும்புத் தொடரில் 26, விலா 24, நெஞ்செலும்பு 1. கை கால்களிலும் அவை உடலோடு சேரும் தோள், இடுப்பு வளையங்களிலும் மீதி 126. இதில் எனக்கு எப்போதும் வியப்பு ஒன்று உண்டு. ஒரு கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 27, ஒரு பாதத்தில் 26. இரண்டிரண்டாகக் கூட்டினால் 106. உடம்பின் பாதிக்கு மேற்பட்ட எலும்புகள் கைகளிலும் பாதங்களிலும்தான் இருக்கின்றன.

206 என்பது பெரும்பாலோர் கணக்கு. சிலருக்கு ஒரு விலா கூடுதலாக இருக்கலாம். பிறந்த குழந்தைக்கோ 270க்கு மேல் இருக்கும், வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்து குறைகின்றன. குழந்தையின் உச்சிக்குழி மண்டை எலும்புகள் இன்னும் சேராத இடம். ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும்.

இரண்டாம் நாள்: நல்லி எலும்பைத் திறந்து பாருங்கள்

நல்லி எலும்பை வெளிச்சத்தில் வையுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய வெள்ளைச் சவ்வை நகத்தால் உரித்தெடுங்கள். பெரியாஸ்டியம் என்ற எலும்புறை அது. நரம்பும் ரத்தக்குழாயும் அதில் நிறைய. முன்காலில் இடித்தால் அவ்வளவு வலிப்பது இந்த உறையால்தான். அடுத்து, நடுத்தண்டின் சுவரைப் பாருங்கள், தந்தம் போல இறுகியிருக்கும். இது கெட்டி எலும்பு. முனைப்பக்கம் போகப் போகச் சுவர் மெலிந்து, உள்ளே தேன்கூடு போல வலை பின்னியிருக்கும். இது பஞ்செலும்பு. பெயரில்தான் பஞ்சு, அமுக்கினால் அமுங்காது. கொஞ்சம் எலும்பைக் கொண்டு நிறையப் பாரம் தாங்க உடம்பு செய்த ஏற்பாடு அது. தண்டின் நடுவே கொழுப்பு மஜ்ஜை. முனையின் வலைக்குள் சிவப்பாகத் தெரிந்தால் அது ரத்த அணுக்கள் உண்டாகும் சிவப்பு மஜ்ஜை. பிராய்லர் கோழியைச் சமைத்தபின் எலும்பை ஒட்டிக் கறுத்திருப்பதைப் பார்த்துச் சிலர் கெட்டுப்போன கறி என்று ஒதுக்குவார்கள். இளங்கோழியின் எலும்பு இன்னும் நெகிழ்வாக இருப்பதால், மஜ்ஜையின் ரத்தநிறம் கசிந்து வெந்து கறுத்ததுதான் அது.

ஆட்டுக்கால் சூப்பிலும் ஒரு பாடம் இருக்கிறது. இளம் ஆட்டின் கால் வெந்தபின் எலும்பின் குமிழ்முனை தானாகக் கழன்று தட்டில் விழும். கழன்ற முகத்தை விரலால் தடவுங்கள், உடைந்த இடம் போலக் கூராக இருக்காது, மேடும் பள்ளமுமாக அலையடித்திருக்கும். அங்கே இருந்த குருத்தெலும்புத் தட்டு வெந்து கரைந்துவிட்டது. எலும்பு நீளமாக வளர்வது அந்தத் தட்டில்தான். வயதான ஆட்டில் இந்த முனை கழலாது, தட்டு எலும்பாகி மூடிவிட்டிருக்கும். மனிதரிலும் இதே கதைதான். நீண்ட எலும்புகளின் வளர்தட்டுகள் பெண்பிள்ளைகளுக்குச் சற்று முன்னும் ஆண்பிள்ளைகளுக்குச் சற்றுப் பின்னுமாகப் பதின்பருவத்தின் இறுதிக்குள் பெரும்பாலும் மூடிவிடுகின்றன. அதன் பிறகு உயரம் கூட்டுவதாக விற்கும் எந்தப் பொடிக்கும் வளர்க்க அங்கே தட்டே கிடையாது.

ஏழாம் நாள்: வளையும் எலும்பும் பொடியும் எலும்பும்

வினிகரிலிருந்து எலும்பை எடுத்து வளையுங்கள், ரப்பர் போல வளையும். உருவம் அப்படியே இருக்கும், உறுதி மட்டும் போயிருக்கும். அமிலம் கால்சிய உப்பைக் கரைத்துவிட்டது, மிஞ்சியது கொலாஜன் என்ற புரத நார். இன்னோர் எலும்பை வெட்டவெளியில் கரியடுப்புக் கனலில் வையுங்கள். வாடை அடிக்கும், அதனால் வீட்டுக்குள் வேண்டாம். முதலில் கறுக்கும், விடாமல் கனலில் கிடந்தால் சுண்ணாம்பு போல வெளுக்கும். ஆறியபின் இரு விரலால் அழுத்துங்கள், நொறுங்கிவிடும். நார் எரிந்துபோய் உப்பு மட்டும் நிற்கிறது.

எதுவும் செய்யாத மூன்றாவது எலும்பை இவை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். நாரும் உப்பும் சேர்ந்ததுதான் எலும்பு. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உப்பு, மீதியில் பெரும்பகுதி கொலாஜன், கொஞ்சம் நீர். உப்பு நசுங்காமல் காக்கும், நார் பிளக்காமல் காக்கும். குக்கரில் வெந்த எலும்பு வேண்டாம் என்றேனே, நெடுநேரம் வெந்தால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து வெளியேறிவிடும். ஆறிய ஆட்டுக்கால் சூப் கட்டி தட்டுவது அதனால்தான்.

இந்த இரண்டு எலும்புகளையும் கையில் பிடித்துப் பார்த்தவருக்குப் பாதி நோய்கள் தானாக விளங்கும். வைட்டமின் டி போதாமல் உப்பு சரியாகப் படியாத குழந்தைக்குக் கால் வில்லாக வளைகிறது. அந்த ரிக்கெட்ஸ் வினிகர் எலும்பின் கதை. பிறவியிலேயே கொலாஜன் குறைபட்ட பிள்ளைகளுக்கு லேசான தட்டலிலும் எலும்பு முறிகிறது, அது கனல் எலும்பின் கதை. சிறுபிள்ளைகளின் எலும்பில் உப்பு இன்னும் முழுதாக ஏறாததால், விழுந்தால் பச்சை வேப்பங்குச்சி போல ஒருபக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்கும். பச்சைக்குச்சி முறிவு என்றே அதற்குப் பெயர். முதுமையில் வரும் ஆஸ்டியோபோரோசிஸ் இரண்டிலும் சேராது. அதில் நார், உப்பு விகிதம் மாறுவதில்லை, மொத்த எலும்புமே இளைத்து, பஞ்செலும்பின் வலையிழைகள் அறுபடுகின்றன.

உப்பு கூடினால் நல்லதுதானே என்று கேட்கும் மாணவர்களுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சொல்வேன். அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். வருடக்கணக்கில் குடித்தால் அது எலும்பின் உப்புப் படிகத்துக்குள் புகுந்துகொள்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முன்பைவிட அடர்த்தியாகத் தெரியும், ஆனால் எளிதில் முறியும். தசைநார்களும் இறுகி முதுகு விறைத்துவிடும். எலும்பைத் தாக்கும் இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் பதிவானது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் அந்த இரு மாவட்டங்களுக்கு வெறும் தாகத் தீர்வு மட்டும் அல்ல, எலும்பு மருத்துவமும்தான். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்திய வரையறை. போர்த் தண்ணீர் குடிப்பவர்கள் ஒருமுறையாவது பரிசோதித்துவிடுங்கள்.

உள்ளே வேலை செய்பவர்கள்

இதுவரை பார்த்ததெல்லாம் உயிரில்லாத எலும்பு. உங்கள் எலும்பில் இந்த நிமிடமும் வேலை நடக்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் கொத்தனார் மாதிரி: கொலாஜனைப் பரப்பி, அதில் உப்புப் படியச் செய்கின்றன. கட்டிய சுவருக்குள்ளேயே சில சிக்கிக்கொள்ளும். அவை ஆஸ்டியோசைட்டுகளாகி, மெல்லிய இழைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எங்கே பாரம் அழுத்துகிறது என்று உணர்ந்து செய்தி சொல்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல். எலும்பின் மேல் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டு முதலில் அமிலத்தைச் சுரந்து உப்பைக் கரைக்கும், பிறகு நொதியால் கொலாஜனை அறுக்கும். பாட்டிலில் ஒரு வாரம் நீங்கள் செய்தது அதன் முதல் பாதி வேலை.

இடிப்பும் கட்டுவதும் ஓயாமல் நடப்பதால் வளர்ந்தவரின் எலும்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு போல புதிதாகிறது. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் தடுமாறும். அதனால் பாராதைராய்டு ஹார்மோன் உத்தரவிட்டு, எலும்பிலிருந்து கடன் வாங்கப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இடிப்பவர் கை ஓங்குகிறது. அம்மாக்கள் வழுக்கி விழுந்தால் மணிக்கட்டும் இடுப்பும் முறிவது இதனால்தான். அவர்களுக்கு நான் சொல்வது: தினமும் நடை, மாடிப்படி, கொஞ்சம் பளு, உடம்பில் வெயில், தட்டில் கேழ்வரகு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, பாலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். நடையை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாரம் படாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது. விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம் போல இளைக்கிறது.

எலும்பு முறிந்தாலும் இதே செல்கள்தான் வருகின்றன. முதலில் ரத்தம் கட்டும், இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மென்மையான பாலம், பிறகு எலும்புப் பாலம், கடைசியில் மாதக்கணக்கில் செதுக்கல். கைக்கு ஆறு முதல் எட்டு வாரம், கீழ்க்காலுக்கு மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். புகைபிடித்தால் தாமதமாகும். முறிந்த இடத்தை எக்ஸ்ரே எடுக்காமல் இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டுகளால் ரத்தவோட்டம் நின்று விரல்கள் கறுத்து வந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். எந்தக் கட்டானாலும் சரி, விரல் குளிர்ந்தாலோ மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

கல்லூரியின் எலும்புத் தொகுப்பை (போன் செட்) தொடும்போது

எலும்பை வாங்கியதும் பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். உங்கள் உடம்பில் அது இருக்கும் இடத்தில், இருக்கும் விதமாகப் பிடியுங்கள். தொடை எலும்பானால் உருண்டைத் தலை மேலே, உடம்பின் நடுவை நோக்கி. நீளவாக்கில் ஓடும் சொரசொரப்பான வரப்பு பின்னால். இந்த இரண்டும் பொருந்தும் பக்கம் எதுவோ அதுவே விடை.

இன்னொன்று. அந்த எலும்பு ஒருவருடையது. அவர் யாருக்கோ அப்பா, யாருக்கோ அக்கா. நாம் படிப்பதற்காகத் தம் உடலைக் கொடுத்தவராகவும் இருக்கலாம். அதற்குத் தொப்பி மாட்டிப் படம் எடுப்பதை என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. இரண்டு கையாலும் எடுங்கள், இரண்டு கையாலும் வையுங்கள்.

கடைசியாக, பீரோ மேலிருக்கும் எக்ஸ்ரே

நம் வீடுகளில் பீரோவுக்கு மேலே பெரிய உறையில் ஓர் எக்ஸ்ரே தூசி படிந்து கிடக்கும். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். 1895 டிசம்பரில், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்கன் தம் மனைவியின் கையை மோதிரத்தோடு இப்படித்தான் முதலில் பதிவு செய்தார். கால்சியம் கதிரைத் தடுப்பதால் எலும்பு வெள்ளை. அதிலும் விளிம்பு பளிச்சென்று இருக்கும், அது கெட்டி எலும்பு. நடுவே மங்கலாக இருப்பது மஜ்ஜைக்குழி. முனைகளில் மெல்லிய வலைக்கோடுகள் தெரிகின்றனவா, நல்லியில் பார்த்த அதே தேன்கூடு. மூட்டில் இரண்டு எலும்புக்கு இடையே காலியாகத் தெரியும் இடைவெளி உண்மையில் காலி இல்லை, கதிருக்குத் தெரியாத குருத்தெலும்பு அங்கே இருக்கிறது. முழங்கால் தேய்ந்த பாட்டியின் படத்தில் அந்த இடைவெளி குறுகியிருக்கும்.

சிறுவயதுப் பிள்ளையின் மணிக்கட்டுப் படமாக இருந்தால் ரேடியஸ் முனைக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு கருங்கோடு தெரியும். பயந்துபோய் முறிவு என்று நினைக்காதீர்கள். சூப்பில் குமிழ் கழன்ற அதே இடம் அது. உங்கள் கையை அந்தப் படத்தின் பக்கத்தில் அதே திசையில் வைத்து, கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே பெயர் சொல்லிப் பாருங்கள்.